பாரிட்ரொயிட்: 1234 இலக்க எண்ணைப் போனில் வைத்திருப்பவனின் அனுபவம்

பாரி/ஜிபி என்பது பிரான்சின் போர்தோவில் உருவான இலவச எண்கணித மென்பொருள். அதை அண்ட்ரொயிட் போனில் ஓடவைப்பது பாரிட்ரொயிட். கிளிநொச்சியில் என்னிடம் ஓ.எல். கணிதத்துக்கு வந்த பிள்ளைகள் ஏ.எல். எழுதியும் போய்விட்டார்கள். அவ்வளவு காலமாக இது என் போனில் இருக்கிறது. டேட்டா கேட்காது என்பதுதான் முதல் காரணம். ஏ9 வீதியை விட்டு உள்ளுக்குப் போனால் சிக்னல் எப்படி இருக்கும் என்று வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் கூடுதலாகப் பாவிப்பது ஃபெர்மா எண்களுக்கு. 2-ஐ 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் வலுக்களுக்கு உயர்த்தி, 1-ஐக் கூட்டினால் வருபவை இவை (^ என்பது வலுக் குறி). 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்கள். 2^32+1, அதாவது 4294967297-உம் அப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதவியலாளர் ஒய்லர் அதை 641-ஆல் வகுத்துக் காட்டினார்.

ஆனால் வகுக்காமலே பிடிக்கலாம். 3 தவிர்ந்த ஓர் எண் முதன்மை எண் என்றால், அதைவிட ஒன்று குறைந்த வலுவுக்கு 3-ஐ உயர்த்தி அந்த எண்ணாலேயே வகுக்க மீதி 1 வரவேண்டும். 4294967297-க்குப் போட்டுப் பார்த்தால் 3029026160 வருகிறது. கதை முடிந்தது. 3-க்குப் பதிலாக 2-ஐப் போட்டால் மீதி 1 என்றே வரும். ஃபெர்மா எண்கள் எல்லாமே 2-இடம் இப்படித் தப்பிவிடும். இந்தக் கணக்கைக் கொடுக்கும்போது ‘மொட்’ கட்டளையோடு கொடுங்கள். அது ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு 32 தடவை வர்க்கித்தால் விடைக்கு வந்துவிடும். நேரடியாக வலுவைக் கேட்டால் இருநூறு கோடி இலக்கங்களைத் தாண்டும் எண் அது, நினைவகம் போதாது என்று செய்தி வரும்.

இனி ஃபெர்மா எண்களில் பெரியவர்: 2^4096+1. சரியாக 1234 இலக்கம். திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போகவேண்டும். முதன்மை எண்ணா என்று கேட்டால் உடனே 0, அதாவது இல்லை. வகுப்பில் ஒரு பெடியன் கேட்டான்: “சேர், எதால வகுபடும் எண்டே தெரியாம, சேர்த்தி எண் எண்டு எப்பிடிச் சொல்லுது?” சேர்த்தி எண் என்றால் முதன்மை எண் அல்லாதது, சின்னக் காரணிகளாக உடையக்கூடியது. இதைக் கேட்கவைத்ததற்காகவே இந்தச் செயலியை வைத்திருக்கலாம்.

எதால் என்பதுதான் பாடு. காரணிப்படுத்தும் கட்டளையைச் சும்மா கொடுத்தால் போன் சுடும், விடை வராது. கண்டுபிடித்த சின்னக் காரணியைக்கூட வேலை முடியும்வரை காட்டாது. பத்து இலட்சம் வரை தேடு என்று எல்லை போட்டால் 114689 வெளியே வரும். அது 7×2^14+1, பெரிய ஃபெர்மா எண்களின் காரணிகள் இந்த அச்சில்தான் கிடைக்கும். ஆனால் விடையில் பக்கத்தில் நிற்கும் 1228 இலக்க எண்ணையும் முதன்மைக் காரணி என்று எடுத்துவிடாதீர்கள். எல்லை போட்டால் கடைசியில் நிற்பது சேர்த்தி எண்ணாகவும் இருக்கலாம் என்று மென்பொருளின் கையேடே சொல்கிறது. உலகத்துக்கே இதுவரை தெரிந்தவை ஆறு காரணிகள்தான். ஆறாவது 54 இலக்கம், 2010-இல் அகப்பட்டது. மிச்சமுள்ள 1133 இலக்கம் சேர்த்தி எண் என்று தெரியும், உடைக்க ஆளில்லை. ஆகவே உங்கள் போனைக் குறைசொல்ல வேண்டாம்.

குறைகள்? வலுக் குறியைத் தேடி விசைப்பலகையை மாற்றி மாற்றி அலைய வேண்டும். ஆரம்ப நினைவக அளவு சின்னது, கூட்டிவைப்பது நல்லது. திரை அணைந்தால் நீண்ட கணக்கைப் போனே நிறுத்திவிடுவதும் உண்டு. இரவு முழுக்க ஓடவேண்டியதை லப்டொப்பில் போடுங்கள், அதுவும் கரண்ட் நிற்காத நாளாகப் பார்த்து.

ஏ.எல். இணைந்த கணிதத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் இது தேவையே இல்லை, கடந்தகால வினாத்தாளைச் செய்யுங்கள். எண்களோடு மினக்கெட விருப்பமுள்ளவர்கள் இறக்கி, முதலில் 2^64+1-ஐக் கொடுத்துப் பாருங்கள். 274177 என்று தொடங்கும் விடை, கை எடுக்க முன்னம் வந்துவிடும்.