லோரியில் மினியாக் ஹீத்தாம் (எஞ்சின் ஆயில்) அளவு ஏறுகிறதா? நோசலை மாற்றுவதற்கு முன் ஃபீட் பம்பைக் கழற்றிப் பாருங்கள்

பழைய டீசல் எஞ்சின் என்றால் ஒரு ஆயில் சர்வீசுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். என் லோரி திடீரென்று குடிப்பதை நிறுத்தியது. டிப்ஸ்டிக்கில் எப்போது பார்த்தாலும் ஃபுல் கோட்டிலேயே நிற்கிறது. பலருக்கு இது நல்ல சகுனமாகத் தெரியும், எனக்குச் சந்தேகம்தான் வந்தது, ஏனென்றால் எஞ்சின் குடிக்கிற அளவுக்கு வேறு ஏதோ உள்ளே வந்து ஈடுகட்டினாலும் கோடு அதே இடத்தில்தான் நிற்கும். அப்புறம் கோட்டைத் தாண்டி மேலே ஏறவே தொடங்கிவிட்டது. விரலில் தொட்டால் தண்ணி மாதிரி ஓடுகிறது, டீசல் வாடை.

வண்டி நான்கு சிலிண்டர் ஜப்பான் லோரி, டீசலை அழுத்தி நோசல்களுக்கு அனுப்புவது பழைய இன்லைன் பம்ப். பிராண்ட் பெயர் எதற்கு, இந்த வகைப் பம்ப் இருக்கிற எந்த வண்டியிலும் இது நடக்கும். செலாயாங் பாசார் போரோங்கில் (மொத்தச் சந்தை) சரக்கு ஏற்றி காராக் ஹைவே வழியாகப் பெந்தோங் போவதுதான் அதன் வேலை. மேடு ஏறி கெந்திங் செம்பாவில் நிறுத்தி ஐடிலில் விட்டால் ஆயில் விளக்கு மினுக்கும், லேசாக மிதித்தால் அணைந்துவிடும். சூட்டில் ஆயில் இளகிப் பிரஷர் விழுவதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

தண்ணீர் கலந்தால் ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறும். டீசல் கலந்தால் நிறம் கறுப்பாகவே இருக்கும், அதனால் கண்ணை நம்ப முடியாது. காப்பி ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன், காலையில் நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி டீசலுக்கு அடையாளமான வெளுத்த எண்ணெய் வளையம் அகலமாகப் பரவியிருந்தது. லேபுக்கும் சாம்பிள் கொடுத்தேன். 15டபிள்யூ-40 ஆயிலின் கெட்டித்தன்மை 100 டிகிரியில் 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்குக்கும் நடுவில் இருக்க வேண்டும், என்னுடையது அதைவிட இளகிய 30 கிரேடு அளவுக்கு இறங்கியிருந்தது.

பட்டறையில் ஃபோர்மன் தம்பி பார்த்தவுடனே, "நோசல்தான் ஒழுகுது அண்ணே, நாலையும் மாத்திடலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நோசல் ஒழுகினால் டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆனால் அப்படி இருந்தால் காலையில் வெள்ளைப் புகை வரும், தட்டும், ஐடில் தள்ளாடும். என் வண்டி சாவியைத் தொட்டவுடன் பிடிக்கிறது, புகையே இல்லை. சரி, மாற்றுவதற்கு முன் டெஸ்ட் செய்யலாம் என்று நாலையும் டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோனேன். திறக்கிற பிரஷருக்குக் கொஞ்சம் கீழே பிடித்து வைத்து நுனியைப் பார்ப்பார்கள், பத்து வினாடியாவது ஈரம் கசியக்கூடாது. நாலும் காய்ந்தே இருந்தன.

அப்புறம்தான் பம்ப் பக்கம் திரும்பினோம். இன்லைன் பம்பின் கேம் ஷாஃப்ட் எஞ்சின் ஆயிலில்தான் ஓடுகிறது, அந்த ஆயில் திரும்பவும் எஞ்சினுக்கே போகும். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்ப் அதன் பக்கவாட்டில் போல்ட் போட்டிருக்கும், அதை அந்தக் கேம் ஒரு சின்னக் கம்பியால் தள்ளுகிறது. கம்பிக்கு ஒரு பக்கம் டீசல், மறுபக்கம் ஆயில், நடுவில் கம்பியின் இறுக்கமும் ஒரு ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) தான் காவல். அது தேய்ந்தால் டீசல் சத்தமில்லாமல் கேம் அறைக்குப் போய்ச் சேரும். நோசலுக்குப் போகவேண்டியது போய்க்கொண்டே இருப்பதால் வண்டி இழுவையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆளை ஏமாற்றுவது இதுதான்.

சோதிப்பது சுலபம். டியூபைக் கழற்றாமல் ஃபீட் பம்பை மட்டும் போல்ட் எடுத்து வெளியே இழுத்து, கம்பி வரும் இடத்தைத் துடைத்துவிட்டு, கையால் டீசல் ஏற்றும் பிரைமரை அது கெட்டியாகும்வரை அடித்தால் போதும். என்னுடையதில் கம்பி ஓரமாக டீசல் ஊறி வந்தது.

ஓ-ரிங் மட்டும் மாற்றலாம், ஆனால் கம்பி ஓடும் துளையே தேய்ந்திருந்ததால் முழுப் பம்பையும் புதிதாகப் போட்டேன். பழைய வண்டிகளின் உதிரிப் பாகம் விற்கும் பொத்தோங் கடையில் விலை மலிவு, ஆனால் அங்கே கிடைப்பதும் என் வண்டி வயதுதான். இங்கே மலேசியாவில் டீசலில் செம்பனை எண்ணெய் பயோடீசல் கலந்திருக்கிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஆயிலில் கலந்தபின் சாதாரண டீசல் அளவுக்கு ஆவியாகிப் போவதும் இல்லை. பம்ப் போட்டவுடன் ஆயில், ஃபில்டர் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டி மறுபடியும் மாற்றினேன். அடுத்த லேப் சாம்பிளில் கெட்டித்தன்மை பழைய இடத்துக்கு வந்துவிட்டது, செம்பாவில் விளக்கும் மினுக்குவதில்லை.

2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியபின் ஒழுகுகிற டீசலுக்கே சிலர் கவலைப்படுகிறார்கள். அது சில்லறை, இளகிய ஆயிலில் ஓடி எஞ்சின் பேரிங் போனால்தான் பெரிய செலவு. ஃபுல் கோட்டுக்கு மேலே ரொம்ப ஏறியிருந்தால் வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீர்கள், முதலில் ஆயிலை இறக்குங்கள். பிரீதர் (எஞ்சின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் காற்றுக் குழாய்க்குப் போனால் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது.

ஃபீட் பம்ப் காய்ந்திருந்தால் இன்லைன் பம்பைக் கழற்றி உள்ளே டீசலை அழுத்தும் பேரல்களின் சீல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ரோட்டரி பம்ப் வண்டி என்றால் முன்பக்க ஷாஃப்ட் சீல்தான் முதல் சந்தேகம், அங்கே ஒழுகுவது நேராக டைமிங் கவருக்குள் போய் ஆயிலில் கலந்துவிடும்.