தக்கையா, ஈயமா?
தூண்டிலில் இரையை மிதக்கவிடத் தக்கை கட்டுவதா, அடியில் இறக்க ஈயக் குண்டு கட்டுவதா? ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் வடகரையில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், உயிர் இறாலை இரையாகப் போடுவதென்றால் என் ஓட்டு தக்கைக்குத்தான். ஆழம் குறைவு, அடியெல்லாம் கடல்புல். ஈயம் கட்டினால் இரை புல்லுக்குள் போய் மறைந்துவிடும், மீன் பார்ப்பதற்குள் நண்டு தின்று முடித்துவிடும். தக்கையில் தொங்கும் இறால் புல்லுக்கு மேலே நின்று துடிக்கும், பாரை மீன் சும்மா விடாது. தூண்டில் முள்ளை இறாலின் தலைக்கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் ஏற்றுங்கள், அதில் பட்டால் இறால் அங்கேயே செத்தது.

தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கதை வேறு. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் தக்கை அலையோடு கரைக்கே திரும்பிவிடும், அப்புறம் கலவாவும் விளமீனும் அடியில் திரிபவைதானே, அங்கே ஈயம்தான் சரி. பாரில், அதாவது கடலடிப் பாறையில், ஈயம் சிக்கி அறுந்து போகும், கூடுதலாகக் கொண்டு போங்கள். தீவுகளை ஒட்டி மட்டும் போடாதீர்கள், அது தேசியப் பூங்கா, வனத்துறை பிடிக்கும்.