நாலு வருசமாக ஒரு ஸ்டெபிலைசர்: கார்பன் மாற்றிய கையோடு எழுதுவது

போன கிழமை ஸ்டெபிலைசருக்கு, அதாவது ஏறி இறங்குகிற வோல்டேஜைச் சமன் செய்கிற பெட்டிக்கு, கார்பன் பிரஷ் மாற்றினேன். உள்ளே சுருளின் மேல் நகர்ந்து வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற கரித்துண்டு அது. அதைக் கேள்விப்பட்டு, ஒழுங்கை முகப்பில் இருக்கிற மச்சான், "நானும் ஒண்டு வாங்கட்டோ?" என்று கேட்டான்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், கரண்ட் லைன் முடிகிற இடத்தில். 230 வோல்ட், கூடக்குறைய 6 வீதம், அதாவது 216 முதல் 244 வரை வரவேண்டும். பின்னேரம் தோட்டங்களில் இறைப்பு மோட்டர்கள் ஓடினால் எங்களுக்கு 180 தான். முன்பெல்லாம் பிறிட்ஜ் உறுமும், ஆனால் கொம்பிரசர் எழும்பாது. சிறு மோட்டர் கார்பனை நகர்த்துகிற இந்த சேர்வோ பெட்டி வந்த பிறகு அந்த உறுமல் கேட்கவில்லை. கரண்ட் போய் வந்தாலும் மூன்று நிமிடம் பொறுத்துத்தான் விடும். நாலு வருசத்தில் பிறிட்ஜுக்கு ஒரு சதம் செலவில்லை. உண்மையாகவே நல்ல சாமான்.

ஆனால் மத்தியானத்தில் பெட்டி போடுகிற "கிர்ர்" தாங்க முடியவில்லை. திருத்துகிற தம்பி மூடியைக் கழற்றிக் காட்டினார். வளையச் சுருளின் மேல் கார்பன் நடந்த தடம் கறுப்பாகப் பளபளத்தது. இரண்டு இடத்தில் விரலகலத்துக்குச் செப்பு தேய்ந்திருந்தது. "அண்ணை, இது பின்னேரத் தேய்மானம். மற்றது மத்தியானம்" என்றார். ஒழுங்கையில் கூரைச் சோலார் கூடிவிட்டது. வெயிலுக்கு வோல்டேஜ் 250ஐத் தாண்டும், ஒரு முகில் மறைத்தால் விழும், விலகினால் திரும்ப ஏறும். கார்பன் அதன் பின்னாலேயே ஓடி ஓடித் தேய்கிறது. குறைந்த வோல்டேஜுக்கென்று வாங்கிய பெட்டி இது!

அதைவிட மனதை அரிப்பது வேறு. பெட்டி வோல்டேஜை உண்டாக்குவதில்லை. 180ஐ 230 ஆக்க, லைனில் இருந்து கால்வாசிக்கு மேல் கூடுதலாக அம்பியர் இழுக்கிறது. அந்த இழுவையில் பக்கத்து வீட்டுக்கு இன்னும் குறைகிறது. அவர்களும் பெட்டி வாங்குகிறார்கள். 1987 யூலை 23 டோக்கியோ இருண்டதும் இந்த வழியில்தான்: வெக்கை நாளில், வோல்டேஜ் விழ விழ, குளிரூட்டிகள் கூடுதலாகக் கரண்ட் இழுத்தன. எங்கள் ஒழுங்கையில் இப்போது ஆறு பெட்டி.

இதற்கு மருந்து வெளியில்தான் இருக்கிறது. மோட்டர்களுக்குச் சரியான கப்பாசிட்டர், தடித்த வயர், கிட்ட ஒரு ட்ரான்ஸ்போமர். அதற்கு மின்சார சபைக்குக் கடிதம் கொடுத்து இரண்டு வருசம், ஒரு பதிலும் இல்லை.

அதனால் மச்சான், வாங்காதே. திரும்பவும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் வந்து கையெழுத்துப் போடு.