‘ஆட்’ என்று ஒரு சொல்: சிஸ்கோ ஐஓஎஸ் கமாண்ட் லைனோடு பல வருடம்

நெட்வொர்க்கில் கணினிகளை இணைக்கும் சிஸ்கோ சுவிட்ச் வாங்கினால், அதில் ஓடும் ஐஓஎஸ் மென்பொருளின் கமாண்ட் பழகுவது கஷ்டமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கஷ்டமே இல்லை. அமைப்பை மாற்ற உள்ளே நுழையும் ‘கான்ஃபிகர் டெர்மினல்’ கமாண்டை ‘கான்ஃப் டி’ என்று பாதிச் சொல்லாக அடித்தாலே அதற்குப் புரிந்துவிடும். மறந்துபோனால் இருக்கவே இருக்கிறது கேள்விக்குறி. சொல்லோடு ஒட்டிப் போட்டால் அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் வரும், இடம் விட்டுப் போட்டால் அடுத்து என்னென்ன எழுதலாம் என்று வரும். இந்த ஒரு விஷயத்துக்காகவே கும்பிடலாம்.

இத்தனையும் கொடுத்துவிட்டு டிரங்க் போர்ட்டில், அதாவது பல வீலேன்களை (சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகளை) ஒரே கேபிளில் சுமக்கும் போர்ட்டில், வந்து கழுத்தறுக்கிறது.

போர்ட்டில் 10, 20 என்று இரண்டு வீலேன் ஏற்கெனவே போகின்றன. 30-ஐயும் விட வேண்டும். ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலேன் 30’ என்று அடித்தால் பழைய இரண்டும் காலி, 30 மட்டும் மிஞ்சும். எச்சரிக்கை கிடையாது; அடுத்த கமாண்டுக்குக் காத்திருக்கும் பிராம்ப்ட் சமர்த்தாகத் திரும்பி வரும். சுவிட்சை நிர்வகிக்க நுழையும் முகவரியான மேனேஜ்மென்ட் ஐபி வீலேன் 10-இல் இருந்து, நீங்களும் அந்த டிரங்க் வழியாகத்தான் உள்ளே நுழைந்திருந்தால் அந்த பிராம்ப்ட்கூட வராது. அடிக்க வேண்டியது ‘அலவ்ட் வீலேன் ஆட் 30’. எடுப்பதற்கு ‘ரிமூவ் 30’. ‘நோ சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலேன்’ என்றால் பட்டியலே அழிந்து, எல்லா வீலேனுக்கும் வழி திறந்துவிடும். ஒன்றை மூடப்போய் ஊரையே உள்ளே விட்ட மாதிரி.

பட்டியல் நீண்டால் இன்னொரு வம்பு. ரன்னிங் கான்ஃபிக்கில் (இப்போது ஓடும் அமைப்பில்) அது இரண்டு வரியாக உடையும், இரண்டாவது வரி ‘ஆட்’ என்று வரும். வேறு போர்ட்டுக்கு காப்பி செய்யும்போது முதல் வரியோடு நிறுத்தினால் பாதி வீலேன் போகாது.

மற்ற கமாண்டுகளிலும் இதே குழப்பம். சரியான நேரத்தைத் தரும் சர்வரைக் குறிக்கும் ‘என்டிபி சர்வர்’ இரண்டாவது முறை அடித்தால் பழையதோடு சேரும். ‘ஐபி அட்ரஸ்’ இரண்டாவது முறை அடித்தால் பழையதை அழிக்கும். கடைசியில் ‘செகண்டரி’ போட்டால்தான் சேரும். எது சேர்க்கும், எது அழிக்கும் என்று வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது, மனப்பாடம்தான். போட்டித் தயாரிப்பான ஜூனிபரில் ‘செட்’ என்று வீலேன் மெம்பர்ஸில் 30 போட்டால் இருப்பதோடு சேரும். மாற்றத்தைத் தற்காலிகமாக அமலாக்கும் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்துவிட்டு 10 நிமிடத்துக்குள் மறுபடி ‘கமிட்’ செய்யாவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பும்.

ஐஓஎஸ்ஸிலும் தப்பிக்க வழி உண்டு. கையை வைக்கும் முன்பே சேவ் செய்துவிட்டு ‘ரீலோட் இன் 10’ கொடுங்கள். இணைப்பு போனால் 10 நிமிடத்தில் சுவிட்ச் ரீபூட் ஆகி, சேவ் செய்த கான்ஃபிக்கோடு எழுந்து வரும். வேலை சரியாக முடிந்தால் ‘ரீலோட் கேன்சல்’, அதன் பிறகுதான் சேவ் செய்யும் ‘ரைட் மெமரி’. நடுவில் பழக்கதோஷத்தில் அதன் சுருக்கமான ‘டபிள்யூஆர்’ தட்டினால் தப்பான கான்ஃபிக்கே சேவ் ஆகியிருக்கும், ரீபூட் ஆகியும் பிரயோஜனம் இல்லை. ரீபூட்டே வேண்டாம் என்றால், கான்ஃபிக்கின் நகல் சேரும் இடமான ஆர்க்கைவ் பாத் அமைத்துவிட்டு ‘கான்ஃபிகர் டெர்மினல் ரிவெர்ட் டைமர் 10’; உறுதிசெய்யாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய கான்ஃபிக் திரும்பும். எல்லாம் சரியென்றால் ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’.

ஒரே ஒரு சொல்லுக்காக இத்தனை முன்னேற்பாடா என்று கேட்டால், ஆமாம். இன்றைய கோபத்தில் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். அடுத்த சுவிட்சும் இதேதான் வாங்குவேன். வேறெதில் உட்கார்ந்தாலும் விரல் ‘கான்ஃப் டி’ என்றுதான் அடிக்கிறது.