கடலோர மணலில் அஸ்திவாரம்: பாலிமரா, சிமெண்டா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செகாரிப் பக்கம் கடலோரத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. சித்தியவானிலிருந்து போய்வந்து அதில் 15க்கு 12 அடியில் ஒரு சின்னக் கடை கட்டினோம், ஐந்து வருடத்துக்கு முன்பு. ஒரே அளவுப் பொடிமணல். கையால் அழுத்தினாலே கம்பி முழங்கை ஆழம் இறங்கியது. இறுக்கினால் மட்டும் நிற்காது, எதையாவது கலக்க வேண்டும் என்றார் கட்டடக் குத்தகைக்காரர். மச்சான் டின்னில் வரும் பசை மாதிரிப் பாலிமர் என்றார், நான் சிமெண்ட் என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தூக்கிச் சுமக்கும் எடையிலும் வேகத்திலும் பாலிமர்தான் ஜெயிக்கும். காய்ந்த மணல் ஒரு கன மீட்டர் சுமார் 1.6 டன், எடையில் 8 விழுக்காடு சிமெண்ட் என்றால் இரண்டரை மூட்டை. அரை மீட்டர் ஆழத்துக்கு எங்களுக்கு 21 மூட்டை போயிற்று. பாலிமர் என்றால் சில டின்கள். சிமெண்ட் தயாரிப்பில் கரியமில வாயு அதிகம் என்பதும் தெரிந்த கதை.

ஆனால் தீர்ப்புச் சொன்னது தண்ணீர்.

டின்னில் இருந்தது வினைல் அசிடேட் வகைப் பாலிமர், தச்சர்களின் வெள்ளைக் கோந்துக்கு உறவு. ரப்பர் பால் மாதிரிதான்: தண்ணீரில் மிதக்கும் நுண்மணிகள், தண்ணீர் போனபின் ஒன்றோடொன்று ஒட்டி மணலைப் பிடித்துக்கொள்ளும். அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர்; மழை என்றால் வெட்டு இல்லை என்று கேட்டு வளர்ந்தவன் நான். சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டும், இந்தப் பால் இறுகத் தண்ணீர் போக வேண்டும். எங்கள் நிலத்தில் வெயில் நாளிலேயே மூன்றடியில் தண்ணீர்; ஐப்பசி மழையில் ஒன்றரை அடிக்கு ஏறிவிடும். தண்ணீர் எங்கே போகும்?

வாக்குவாதம் வேண்டாம் என்று இரண்டு ஐஸ்கிரீம் டப்பாவில் அதே மணலை வார்த்தோம். ஒரு வாரம் கழித்துச் சுத்தியல் பிடியால் தட்டினால் சிமெண்ட் கட்டி ஓரம் உதிர்ந்தது. பாலிமர் கட்டி அசையவில்லை. மச்சான் முகத்தில் ஒரு சிரிப்பு. சரி என்று இரண்டையும் வாளித் தண்ணீரில் போட்டேன். மூன்றாம் நாள் காலை பாலிமர் கட்டியில் கட்டைவிரல் இறங்கியது, வெந்த கொழுக்கட்டை போல. சிமெண்ட் கட்டி அப்படியே கிடந்தது.

சிமெண்டிலும் ஒரு வம்பு உண்டு: கடல் உப்பு இரும்புக் கம்பியை அரிக்கும். அதனால் சிமெண்ட் கலந்த மணலில் கம்பியே போடவில்லை; 15 சென்டிமீட்டர் அடுக்காக இறுக்கிக்கொண்டு வந்து, அதன்மேல் ஆற்றுமணல் கான்கிரீட்டில்தான் கம்பி.

மண்ணுக்குள் ஊசிபோல் ஏற்றும் ரசாயனங்களும் உண்டு. பக்கத்தில் கிணறு இருந்தால் எது ஏறுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1997இல் சுவீடனின் ஹாலந்த்சோஸ் ரயில் சுரங்கப்பாதையில் அக்ரிலமைடு என்ற நச்சு கலந்த கசிவு அடைப்பான் ஓடையில் கலந்து மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. பாலியூரித்தேன் வேறு ஜாதி. தண்ணீரோடு சேர்ந்தே நுரைத்து இறுகும். ஒரு கடையின் அமிழ்ந்த தரையை அது தூக்கியதை ஒருமுறை வேடிக்கை பார்த்ததோடு சரி. அதனால் அதற்கு மதிப்பெண் போட மாட்டேன்.

மிஞ்சிய டின்னைக் கார் நிறுத்தும் இடத்தில் தெளித்தோம். புழுதி நன்றாகவே அடங்கியது, ஒரு வருடம். அப்புறம் மறுபடி தெளிக்க வேண்டியதாயிற்று. மச்சான்தான் இன்னும் தெளிக்கிறார்.