பூசானில் மூன்று வருடம்: பல்கலைக்கழகத்தில் கொரிய மொழி படித்த அனுபவம்

தென்கொரியாவின் பூசான் நகரில், பல்கலைக்கழக மொழிக் கூடத்தில் ஒரு வருடம், பிறகு சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலை இரண்டு வருடம். கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையில் போனேன். மொழி வருடம் முடிவதற்குள் டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் மூன்றாம் நிலையாவது எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் முதுகலைக்குள் நுழைய முடியாது. அந்தப் பயம் ஒரு வருடமும் தலைமாட்டிலேயே இருந்தது. போகலாமா, சமாளித்துவிடலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எழுத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1443இல் சேஜோங் மன்னர் உருவாக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்த கொரிய எழுத்தான ஹங்குலில் அடிப்படை மெய் 14, உயிர் 10. ஒரு வாரம் உட்கார்ந்தால் கடைப் பலகைகளை வாசிக்கலாம். நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. 'காகம்' என்ற சொல்லில் முதல் க வலிக்கிறது, இரண்டாவது மெலிகிறது, எழுத்து ஒன்றுதான். சளிக்குக் கொரியத்தில் 'கம்கி' என்று பெயர். அங்கேயும் ஒரே எழுத்து முதலில் வலித்து, நடுவில் மெலிகிறது. வகுப்பில் மற்றவர்கள் இதை விதியாக எழுதி மனப்பாடம் செய்தார்கள், எனக்கு வாய் தானாகப் போனது.

ஆனால் அதே வாய்தான் அடுத்த வாரம் காலை வாரியது. கொரியத்தில் ப ஒலி மூன்று வகை: ஒன்று சாதாரணமாக, ஒன்று மூச்சைத் தள்ளி, ஒன்று தொண்டையை இறுக்கி. மூன்றையும் 'புல்' என்றுதான் தமிழில் எழுத முடியும். முதலாவது நெருப்பு, இரண்டாவது புல், மூன்றாவது கொம்பு. நம் புல்லுக்கு அங்கேயும் புல் என்றே பெயர் என்ற சந்தோஷத்தில் நான் சொன்னதும், ஆசிரியைக்குக் கொம்பு என்று கேட்டது. அவர் ஒரு டிஷ்யூ தாளை என் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். புல் சொன்னால் தாள் பறக்க வேண்டும், கொம்பு சொன்னால் அசையவே கூடாது. என் தாள் அசையவில்லை. தினமும் இரவு விடுதி அறையில் தாளோடு உட்கார்ந்தேன். பறக்க மூன்று வாரம் ஆனது.

இந்த மாதிரிச் சொல் ஒற்றுமைகளை வைத்துத் தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே திராவிட மொழிகளையும் கொரியத்தையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை, எனக்கும் சொல் பட்டியல்களில் நம்பிக்கை இல்லை. படிக்கிறவருக்கு உண்மையில் கைகொடுப்பது வாக்கிய அமைப்புதான். வினை கடைசியில் வரும், உருபு பெயரோடு ஒட்டும். 'மொகொ பொவாத்சொயோ' என்றால் சாப்பிட்டுப் பார்த்தேன். அந்த 'பார்' நம்முடைய அதே பார்! செய்து கொடு, செய்து வை, போய்விடு எல்லாமே இப்படித்தான் அமைகின்றன. பக்கத்தில் இருந்த ஐரோப்பியத் தோழி ஒரு மாதம் போராடிய பாடத்தை நான் ஒரு மதியத்தில் முடித்தேன். ஆசிரியை 'சாப்பிட்டாயா?' என்று நலம் விசாரித்தபோது ஊரில் அம்மா கேட்பது போலவே இருந்தது.

மரியாதையும் பழகியதுதான். வாங்க, போங்க மாதிரி வினையிலேயே மரியாதை வந்துவிடும். ஆனால் 'நீங்கள்' என்று பெரியவர்களிடம் சொல்லத் தோதான சொல் கிடையாது. பேராசிரியரைப் 'பேராசிரியரே' என்று ஒவ்வொரு முறையும் பதவியால்தான் அழைக்க வேண்டும். சாப்பாட்டுக் கடை அம்மாவை 'இமோ' என்று கூப்பிடுவார்கள், அம்மாவின் அக்கா தங்கைக்கான சொல் அது. நமக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வகுப்பில் கற்றது சியோல் கொரியம். வாசலைத் தாண்டினால் பூசான் பேச்சு. ஜகல்சி மீன் சந்தையில் 'வாங்க' என்பதற்கு 'ஒசெயோ' என்று யாரும் அழைக்கவில்லை, 'ஓயிசோ' என்றார்கள். முதல் இரண்டு மாதம் எதுவும் பிடிபடவில்லை. சனிக்கிழமைதோறும் போய் ஒரே கடையில் கானாங்கெளுத்தி வாங்கினேன். பாட்டி மெதுவாகப் பேச ஆரம்பித்தார். என் காது திறந்தது அந்தக் கடையில்தான்.

இனி முக்கியமான விஷயம். இலக்கணம் எளிதாக வந்ததால் முதல் இரண்டு நிலையில் நான் முதல் வரிசை மாணவி. நான்கு பருவம், பருவத்துக்குப் பத்து வாரம், வாரத்தில் ஐந்து நாள், தினம் நான்கு மணி நேரம், ஆக 800 மணி நேரம் முடித்து டோபிக்கில் நான்காம் நிலையும் வாங்கினேன். முதுகலையின் முதல் விரிவுரையில் பத்து நிமிடத்தில் திணறிவிட்டேன். இலக்கணம் முழுக்கப் புரிந்தது, பெயர்ச்சொல் ஒன்றுகூடப் புரியவில்லை. படிப்புக்கான கொரியச் சொற்களில் பெரும்பகுதி சீன வேரிலிருந்து வந்தவை. அங்கே தமிழ் உதவாது, மொழிக் கூடமும் அதைத் தனியாகச் சொல்லித்தரவில்லை. உதவித்தொகை வாங்கி வந்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று அன்று மாலை அழுதேன்.

வழி கிடைத்தது மெட்ரோ நிலையத்தில். மெட்ரோவுக்கு 'ஜிஹாச்சொல்' என்று பெயர். 'ஜிஹா' என்றால் நிலத்துக்கு அடியில். நான் படிக்க வந்த நிலத்தடி நீர் 'ஜிஹாசு'. அப்படியானால் 'சு' நீர்! ஹோங்சு வெள்ளம், சுஜில் நீரின் தரம், ஹாசு கழிவுநீர், சாங்சுதோ குடிநீர்க் குழாய் அமைப்பு. 'சாங்' மேல், 'ஹா' கீழ். அன்றிலிருந்து சொல்லாகப் படிப்பதை விட்டு வேராகப் படித்தேன். ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு வேர், தினம் மூன்று. இரண்டாம் பருவத்தில் விரிவுரைகள் பிடிபட்டன. போகிறவர்கள் இந்த நோட்டை மொழி வருடத்தின் முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். நான் தொலைத்த நேரத்தை நீங்கள் தொலைக்க வேண்டாம்.

மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் எடுக்க எழுத வேண்டிய டோபிக் 2 தேர்வில் கேட்டல், எழுதுதல், வாசித்தல் மூன்றுக்கும் தலா 100 மதிப்பெண். மொத்தத்தில் 120 எடுத்தால் மூன்றாம் நிலை, 150க்கு நான்காம் நிலை, 190க்கு ஐந்தாம் நிலை. எழுதுதலில் 54ஆம் கேள்வி மட்டும் 50 மதிப்பெண், கட்டம் போட்ட தாளில் 600 முதல் 700 எழுத்துக்குள் கட்டுரை. பேச்சு நடையில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். வாரம் ஒரு கட்டுரை கையால் எழுதி யாரிடமாவது திருத்தி வாங்குங்கள். வகுப்பில் கொடுத்ததை மட்டும் எழுதியிருந்தால் எனக்கு நான்கு கிடைத்திருக்காது.

சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். என்னுடையது அடுத்த மாதம் முடிகிறது. ஐந்தாம் நிலைக்காகப் பணம் கட்டிவிட்டேன், வேர் நோட்டில் இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது.