பத்து மடங்கு லென்ஸும் கொல்லைப்புறத்துச் சிலந்தியும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் வீட்டுக் கொல்லையில் ஓர் எலுமிச்சை மரம், ஒரு கறிவேப்பிலை, மூன்று பாத்தி அவரை. தோட்டம் என்றால் அவ்வளவுதான். இதைப் பார்ப்பதற்கு 420 ரேண்ட் கொடுத்து லென்ஸ் வாங்கியிருக்கிறேன் என்றதும் என் தங்கை, "அக்கா, அந்தக் காசுக்கு இரண்டு மாதம் மீன் வாங்கலாமே" என்றாள். ஏழு மாதம் ஆகிவிட்டது. அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நகை மதிப்பிடுபவர்கள் கையில் வைத்திருப்பார்களே, உலோக உறைக்குள் மடங்கிக்கொள்ளும் சின்ன லென்ஸ், அதுதான். பெரிதாக்குவது 10 மடங்கு. கண்ணாடியின் அகலம் 18 மில்லிமீட்டர். உள்ளே மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். அதனால் பார்க்கும் பொருளின் விளிம்பில் வானவில் நிறம் படிவதில்லை. ஓரம் வரை நேராகத் தெரிகிறது.

இதற்கு முன்பு ஒருமுறை ஏமாந்தேன். டர்பன் நகரத்தில் ஒரு நடைபாதைக் கடையில், உறையின் மேல் '30 மடங்கு' என்று பொறித்த லென்ஸை 95 ரேண்டுக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தேன். லென்ஸிலிருந்து ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டரில் எழுத்து தெளிந்தது. கணக்கு எளிது: 250 மில்லிமீட்டரை அந்தத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம் கிடைக்கும். எட்டு மடங்குக்குச் சற்று மேல்தான் வந்தது. உண்மையிலேயே 30 மடங்கு என்றால் பூச்சியை எட்டு மில்லிமீட்டர் கிட்டத்தில் வைக்க வேண்டும். அதற்குள் அது நம் மூக்கில் ஏறிவிடும். ஆகவே உறையில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அளவுகோலை எடுத்துப் போங்கள்.

எனக்கு லென்ஸ் புதிதல்ல. ஆடைத் தொழிற்சாலையில் 31 ஆண்டு துணி பரிசோதித்தவள் நான். நூல் எண்ணும் கண்ணாடியைத் துணிமேல் வைத்து, பாவு (நீளவாட்டு நூல்) எத்தனை, ஊடு (குறுக்கு நூல்) எத்தனை என்று எண்ணுவதுதான் வேலை. 17ஆம் நூற்றாண்டில் தண்ணீரில் நெளியும் நுண்ணுயிர்களைப் பார்த்துச் சொன்ன லீவன்ஹூக்கும் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரிதான் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை. ஆனால் குறை தேடியே பழகிய கண் என்னுடையது. முதல் வாரம் முழுவதும் இலையில் ஓட்டை, தண்டில் அசுவினிப் பூச்சி என்று குற்றப்பட்டியல்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதை மாற்றியது பொன்வலைச் சிலந்தி. கோடையின் கடைசியில் எலுமிச்சைக்கும் துணி உலர்த்தும் கம்பத்துக்கும் நடுவே வலை கட்டியிருந்தது. காலை வெயிலில் நூல் மஞ்சளாக மின்னும். அது வெயிலின் நிறமல்ல, நூலின் நிறமே அதுதான். கிட்டே போய் லென்ஸை வைத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் நூல்கள் காய்ந்து, வழவழப்பாக இருந்தன. அவற்றைக் குறுக்கே வெட்டிச் சுற்றிவரும் நூலில் மட்டும் பாசி கோத்ததுபோல் பசைத்துளிகள், ஒன்றுக்கொன்று அனேகமாக ஒரே இடைவெளியில். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை துளி என்று என்னையறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பாவு ஒரு விதமான நூல், ஊடு வேறு விதமான நூல்! எந்தத் தறியில் இப்படிப் பார்த்திருக்கிறேன்? வலையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. குட்டி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது இந்த அம்மாளின் கணவர்.

மடகாஸ்கரில் இதே குடும்பத்துச் சிலந்திகள் 12 லட்சத்தைப் பிடித்து நூல் இழுத்து ஒரு மேலங்கி நெய்திருக்கிறார்கள். சாயம் போடவில்லை, நூலின் இயற்கை மஞ்சளேதான். 2012இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். அதைப் பரிசோதிக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் சம்பளமே கேட்டிருக்க மாட்டேன்.

பயன்படுத்தும் முறையைக் கடைக்காரர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். இலையைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பூதக்கண்ணாடி போலப் பார்த்தால் பொட்டளவு இடம்தான் தெரியும். இரண்டரை சென்டிமீட்டர் நெருக்கம் என்பதால் நம் தலை நிழல் விழும். முதுகை வெயிலுக்குக் காட்டி நிற்காதீர்கள். தாவும் சிலந்தி நம்மைப் பார்த்துவிட்டு ஓடும். அதற்கு எட்டுக் கண், முன்னால் இரண்டு கார் விளக்குப் போல. காலி மசாலா போத்தலுக்குள் விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே செடியில் விட்டுவிடுவேன். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வந்து உட்காரும் மழைச் சிலந்திக்கு லென்ஸே வேண்டாம். வீட்டில் இருப்பவர்களைச் சமாதானப்படுத்தத்தான் ஏதாவது வேண்டும்.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம் என்று நான் இத்தனை நாள் துடைத்தெறிந்தது, இங்கே கிறிஸ்துமஸ் வண்ணத்துப்பூச்சி என்று சொல்வார்களே, அதன் புழு. லென்ஸில் பார்த்தால்தான் அதற்குத் தலை இருப்பது தெரிகிறது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக ஒரு கவைக்கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். இப்போது இரண்டு கிளைகளை அவற்றுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். அசுவினிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைப் பொறிவண்டின் குட்டிகள் கவனித்துக்கொள்கின்றன. பார்வைக்குச் சின்ன முதலை, பசியும் முதலைக்கு உள்ளதுதான்.

குறைகளும் உண்டு. மூன்றாம் மாதமே மடிக்கும் இடத்துத் திருகாணி தளர்ந்தது. மூக்குக்கண்ணாடித் திருப்புளியால் முறுக்கினேன், மறுபடியும் தளர்கிறது. உறை பளபளவென்றிருப்பதால் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. கொஞ்சம் கறுப்பாகச் செய்திருக்கலாம். டர்பன் ஈரக்காற்றில் கண்ணாடிக்குப் பூஞ்சணம் வரும் என்று பயந்து, மாத்திரைப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வைக்கிறேன். பறக்கும் வண்ணத்துப்பூச்சியைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. படம் எடுக்க வேண்டுமென்றால் கைபேசியில் கவ்வும் லென்ஸே மேல். எனக்குத் திரையைப் பார்த்தது போதும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கழித்த ஒன்று திருகாணிக்கு.

பள்ளி விடுமுறைக்கு வந்த பேத்தி ஒரு ஷோங்கொலோலோவைப் பிடித்து (நம் மரவட்டைதான், சுருண்டுகொள்வது என்ற பொருளுள்ள ஜூலுச் சொல்லிலிருந்து வந்த பெயர்), "ஆயா, ஒரு வளையத்துக்கு இரண்டு சோடிக் கால்!" என்று கத்தினாள். போகும்போது லென்ஸும் அவளோடு போய்விட்டது. நேற்று அதே கடையில் இன்னொன்று வாங்கினேன். விலை 455 ஆகியிருக்கிறது. தங்கையிடம் சொல்லவில்லை.